கரிக் கணக்கும் எம்.சி.ஏ. படிப்பும்

திருச்சுழி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு விசயம் தெரியும். ஒன்று, 1879இல் ரமண மகரிசி பிறந்த ஊர். இன்னொன்று, கண்ணுக்கெட்டிய தூரம்வரை வேலிக்கருவைக் காடு. ரமணர் 'நான் யார்' என்று தன்னையே கேட்டுக்கொள்ளச் சொன்னவர். எங்கள் சனங்களுக்கு அந்தக் கேள்வியைத் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள நேரம் கிடைத்ததில்லை. நாங்கள் கேட்பதற்கு முன்னாலேயே எதிரில் நிற்கிறவர் கேட்டுவிடுவார். "எந்த ஊரு? திருச்சுழிப் பக்கமா? ஊருக்குள்ளயா, காலனியா?" அதோடு நாங்கள் யாரென்று முடிவாகிவிடும்.

அருப்புக்கோட்டையில் தறிச் சத்தம். அங்கிருந்து கிழக்கே போகப்போக அந்தச் சத்தம் அடங்கி முள்ளுக்காடு தொடங்கும். மானம் பார்த்த பூமி. குண்டாற்றில் மழைக்காலத்தில் தண்ணீர் வந்தால் வந்தது, இல்லையென்றால் மணல்தான். மழை பெய்தால் சோளம், கம்பு, குதிரைவாலி, பருத்தி, மல்லி, மிளகாய். அதுவும் நிலம் இருக்கிறவர்களுக்கு. நிலம் இல்லாத எங்களுக்கு ஊரார் காட்டில் கூலி. மழை பொய்த்தால் அந்தக் கூலியும் கிடையாது. அப்போது மிஞ்சுவது கரிமூட்டம்.

கரி எப்படி வருகிறது என்று அடுப்பில் போடுகிறவர்களுக்குத் தெரியாது. கருவையை வெட்டி, கிளை கழித்து, கட்டைகளை நெருக்கமாக அடுக்கி, மேலே செத்தையைப் போட்டு, ஈரமண்ணால் பூசி மூடித் தீ வைக்கவேண்டும். உள்ளே தணலாக இருக்கவேண்டும், கொழுந்துவிட்டு எரிந்துவிடக் கூடாது. எங்காவது மண் வெடித்துக் காற்றுப் புகுந்தால் கட்டை எல்லாம் சாம்பல். அதனால் ராத்திரி பகலாக ஆள் காவல் கிடக்கவேண்டும். எரிந்து முடிந்ததும் தண்ணீர் விட்டு ஆற்றி, மண்ணைப் பிரித்து, சூடு அடங்காத கரியைக் கையால் பொறுக்கிச் சலித்து மூட்டை கட்டவேண்டும். அய்யா மரம் வெட்டுவார். அம்மா அடுக்குவார், பொறுக்குவார். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அம்மாவின் பல்லும் கண்ணும்தான் வெள்ளையாக இருக்கும்.

இந்தக் கரியில் வந்த கூலியில்தான் நான் அருப்புக்கோட்டையில் பி.காம். படித்தேன். பிறகு டான்செட் நுழைவுத் தேர்வு எழுதினேன். 2013இல் கோயம்புத்தூர் அரசுத் தொழில்நுட்பக் கல்லூரியில் நடந்த கலந்தாய்வுக்கு அய்யாவும் நானும் போனோம். மதுரைப் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் எம்.சி.ஏ. இடம் கிடைத்தது. எங்கள் காலனியில் முதுகலைக்குப் போன முதல் பொம்பளைப் பிள்ளை நான்.

எம்.சி.ஏ. என்றால் கம்ப்யூட்டர் படிப்பு என்றுதான் ஊரில் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்துப் போனேன். அங்கே போனபிறகுதான் அதில் பாதி வியாபாரப் படிப்பு என்று தெரிந்தது. ஒரு கம்பெனியின் வரவு செலவு, சரக்கு, சம்பளம், கொள்முதல் எல்லாவற்றையும் எப்படித் தகவலாக மாற்றுவது, யார் எழுதுவது, யார் பார்ப்பது, அதைவைத்து முதலாளி எப்படி முடிவெடுப்பது, இதுதான் பாடம். வெளிநாடுகளில் இதற்கென்றே வணிகத் தகவல் முறைமை என்று தனி முதுகலைப் பட்டம் வைத்திருக்கிறார்கள். நம்முடைய பல்கலைக்கழகங்களில் அது எம்.சி.ஏ.க்குள்ளும் எம்.பி.ஏ.க்குள்ளும் கலந்து கிடக்கிறது. அப்போது எம்.சி.ஏ. மூன்று வருசம். 2020க்குப் பிறகு இரண்டு வருசமாக ஆக்கிவிட்டார்கள்.

படிப்பைச் சொல்வதற்கு முன்னால் பணத்தைச் சொல்லவேண்டும். எங்களைப் போன்றவர்கள் அந்த வாசலுக்குள் போக முடிந்தது 2012 செப்டம்பரில் தமிழக அரசு போட்ட 92ஆம் எண் அரசாணையால். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களிடமும் மதம் மாறிய ஆதிதிராவிட மாணவர்களிடமும், வருமான வரம்புக்கு உட்பட்டிருந்தால், சுயநிதிக் கல்லூரிகளும் கட்டாயக் கட்டணம் வாங்கக் கூடாது, அரசே கொடுத்துவிடும் என்பது அதன் சாரம். ஆனால் அரசாணை கோட்டையில் இருக்கிறது, கல்லூரி அலுவலகத்தில் இருப்பவர் கிளார்க். "பணம் கவர்மெண்ட்ல இருந்து வரட்டும், திருப்பித் தர்றோம். இப்ப நீங்க கட்டுங்க" என்றார்கள். அரசாணை நகலை ஒரு அண்ணன் கொடுத்தார். அதைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். கிளார்க் அதைத் தொடவில்லை. "இதெல்லாம் எங்களுக்கும் தெரியும்மா" என்றார். தெரிந்தும் கேட்டார்கள். அம்மா கரி முதலாளியிடம் 12,000 ரூபாய் முன்பணம் வாங்கிக் கட்டினார். அந்த 12,000 ரூபாயை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதை அதைப் பற்றியதுதான்.

முதல் செமஸ்டரில் ஒருநாள் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது பியூன் ஒரு தாளோடு வந்தார். ஆசிரியர் வாங்கிச் சத்தமாக வாசித்தார். "எஸ்.சி. ஸ்காலர்ஷிப் ஸ்டூடண்ட்ஸ், ஆபீசுக்குப் போங்க." ஆறு பேர் எழுந்தோம். மற்றவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. வெறுப்பு என்று சொல்லமுடியாது. ஓ, அப்படியா என்பதுபோல ஒரு பார்வை. அதுவரை என் டிபன் பாக்சில் கை போட்ட ஒரு பிள்ளை மறுநாள் முதல் வேறு பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டது. கேட்டால், "அங்க ஃபேன் இருக்குடி" என்றது.

பிற்பாடு டேட்டாபேஸ் வகுப்பில் அதே ஆசிரியர் ஒரு பாடம் எடுத்தார். ஐ.பி.எம். நிறுவனத்தில் வேலை பார்த்த எட்கர் காட் என்பவர் 1970இல் எழுதிய கட்டுரையில் இருந்துதான் இன்றைக்கு எல்லா ஆபீசிலும் இருக்கிற தகவல் அட்டவணைகள் பிறந்தன என்றார். ஒரு ஆளைப் பற்றிய தகவல் எல்லாருக்கும் தெரியவேண்டியதில்லை. சம்பளம் போடுகிறவருக்குச் சம்பளம் தெரியவேண்டும், வாசலில் நிற்கிற காவலாளிக்குப் பெயர் தெரிந்தால் போதும். பார்க்கும் உரிமையைக் கொடுக்க 'கிராண்ட்' என்று ஒரு கட்டளை, கொடுத்ததைப் பிடுங்க 'ரிவோக்' என்று ஒரு கட்டளை. போர்டில் எழுதிப்போட்டார். எனக்குப் பகீரென்றது. என் சாதியைப் பார்க்கும் உரிமையை அறுபது பேருக்கு அன்றைக்கு யார் கொடுத்தது? என்னைக் கேட்டா கொடுத்தார்கள்? உதவித்தொகை ஆபீசுக்கு என் சாதி தெரியவேண்டும், அது என் உரிமைக்காக. பக்கத்து பெஞ்சுக்கு எதற்கு?

எழுந்து கேட்டேன். "சார், ஸ்காலர்ஷிப் லிஸ்ட்டுக்கும் இந்த ரூல் உண்டுல்ல?" வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. கொஞ்சநேரம் போர்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு அந்தப் பட்டியல் வகுப்பில் வாசிக்கப்படவில்லை. எங்கள் செல்போனுக்குத் தனித்தனியாகச் செய்தி வந்தது. அவர் செய்தாரா வேறு யாரும் செய்தார்களா என்று நான் விசாரிக்கவில்லை. படிப்பை வைத்து ஒரு காரியம் நடக்கும் என்று எனக்கு முதலில் நம்பிக்கை வந்தது அதில்தான்.

இனி அம்மாவின் கணக்கு. அம்மாவுக்குக் கையெழுத்துப் போடவும் தெரியாது. ஆனால் கணக்கு வைத்திருந்தார். அடுப்பங்கரைச் சுவரில் ஒரு மூட்டைக்கு ஒரு கரிக்கோடு. பத்துக் கோடானால் குறுக்கே ஒன்று. மழையில் ஊறினாலும் அந்தச் சுவரில் யாரும் சாயமாட்டோம். ஆனால் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது ஒரு வருசக் கணக்கும் அழிந்துபோகும். முதலாளியின் நோட்டுக்குப் பொங்கல் கிடையாது. அது வருசா வருசம் தடித்துக்கொண்டே போகும். சண்டை வந்தால் அம்மா சுவரைக் காட்டமுடியாது, அவர் நோட்டைக் காட்டுவார். காட்டுவார் என்றால் அட்டையை. உள்ளே இருப்பதை யாரும் பார்த்ததில்லை.

பி.காமில் முதல் வருசமே சொல்லித்தருவது, பெறுகிறவர் கணக்கில் பற்று, தருகிறவர் கணக்கில் வரவு. 1494இல் இத்தாலியில் லூகா பசியோலி என்கிற பாதிரியார் இந்த இரட்டைப் பதிவு முறையை அச்சில் போட்டார் என்று படித்துப் பரீட்சை எழுதியிருக்கிறேன். முன்பணம் வாங்கியபோது அம்மா பெறுகிறவர், அது பற்று. சரி. அதற்குப் பிறகு தினமும் உடம்பைக் கரியாக்கித் தருகிறாரே, அந்த வரவு எங்கே எழுதப்பட்டது? ஐந்நூறு வருசத்துக்கு முந்தைய இத்தாலிக் கணக்கு திருச்சுழிக் கரிக்கடைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

2015 பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கோடு போட்டேன். தேதி, மூட்டை, தராசு எடை, கழிவு, கூலி, முன்பணத்துக்குப் பிடித்தது, கைக்கு வந்தது. ஏழு கட்டம். ஒன்பதாவது படித்த தம்பியிடம் கொடுத்து, "அம்மா ராத்திரி வந்ததும் கேட்டு எழுதுடா. ஒருநாள்கூட விடாத" என்றேன். தை முதல் ஆடி வரை அவன் விடவில்லை. அம்மாவுக்கு எல்லா எண்ணும் வாயில் இருந்தது. எழுத ஆள் இல்லாமல்தான் இருந்தது.

ஆடியில் கூட்டிப் பார்த்தோம். 600 மூட்டை. மூட்டை 30 கிலோ. அதில் ஈரம், தூசி என்று சொல்லி மூட்டைக்கு 2 கிலோ கழித்திருந்தார்கள். அதாவது 15 மூட்டை போட்டால் ஒரு மூட்டை காணாமல் போகும். 600க்கு 40 மூட்டை. மூட்டைக்கு 90 ரூபாய் பேச்சு, ஆக 3,600 ரூபாய் போய்விட்டது. முன்பணத்துக்கென்று மூட்டைக்கு 20 ரூபாய் பிடித்திருந்தார்கள். 600 மூட்டைக்கு 12,000. அதாவது படிப்புக்கு வாங்கிய முன்பணம் முழுசாக அடைந்துவிட்டது. முதலாளியிடம் கேட்டால் இன்னும் 7,000 பாக்கி என்றார்.

அம்மாவும் நானும் கரிக்கடைக்குப் போனோம். நோட்டை நீட்டினேன். அவர் என்னைப் பார்க்காமல் அம்மாவிடம், "ஏத்தா, ஒன் மகளப் படிக்க வச்சது எங்கிட்டக் கணக்குக் கேக்கத்தானா?" என்றார்.

"அவ கேக்கல மொதலாளி. நாந்தான் கேக்கிறேன்" என்றார் அம்மா.

"வட்டி யாரு குடுப்பா?"

"முன்பணம் வாங்கயில வட்டின்னு ஒரு வார்த்த நீங்க சொல்லலையே. சொல்லியிருந்தா வாங்கியிருக்கமாட்டேன்."

"சரி, பாக்கி இல்லன்னே வச்சுக்க. இனிமே எங்கிட்ட வேலையும் இல்ல."

அப்படித்தான் முடிந்தது. 3,600 ரூபாய் வரவேயில்லை. மறுவருசம் அம்மாவும் அய்யாவும் நரிக்குடிப் பக்கம் வேறொரு கடைக்கு மூட்டம் போடப் போனார்கள். ஆனால் போகும்போது நோட்டோடு போனார்கள். "கணக்கு ரெண்டு பக்கமும் எழுதணும்யா, சம்மதமா?" என்று கேட்டுத்தான் மரத்தில் கை வைத்தார்கள். கூடவே வேலைக்குப் போன இரண்டு குடும்பமும் நோட்டுப் போட்டது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. முன்பணத்தைக் காட்டி ஆளைக் கட்டிவைக்கக் கூடாது என்பது அந்தச் சட்டம். ஆனால் முன்பணம் தீர்ந்துவிட்டது என்று நிரூபிக்க ஒரு தாள் வேண்டுமே. அந்தத் தாள் யார் கையில் இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கடைசி செமஸ்டர் புராஜெக்டாக இதையே செய்கிறேன் என்று கேட்டேன். கரிமூட்டக் கூலிகளுக்கான கணக்கு முறை. தொழிலாளி படிக்கத் தெரியாதவராக இருந்தாலும் படத்தைத் தொட்டு மூட்டையைப் பதியலாம், குரலில் பாக்கியைக் கேட்கலாம் என்று வரைந்து கொண்டுபோனேன். வழிகாட்டி நன்றாகத்தான் கேட்டார். கடைசியில், "கம்பெனி லெட்டர் யாரு குடுப்பா?" என்றார். விதிப்படி ஒரு நிறுவனம் கடிதம் தரவேண்டும். கரிக்கடைக்காரர் தருவாரா? கணக்கு முறைமைக்குக் கடிதம் தருகிற இடத்தில் இருப்பவர் எப்போதும் முதலாளிதான். கூலிக்காரர் கேட்டு ஒரு முறைமை உண்டாக்கலாம் என்று பாடத்திட்டத்தில் இடமே இல்லை.

கடைசியில் அருப்புக்கோட்டையில் ஒரு விசைத்தறிச் சேலைக் கடையில் நூல் இருப்புக் கணக்கைச் செய்தேன். பாவும் ஊடை நூலும் எடைபோட்டுத் தறிக்காரருக்குப் போகும், சேலையாகத் திரும்பி வரும். அங்கேயும் கழிவு என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்புகிற உரிமை முதலாளிக்கு மட்டும் என்று கேட்டார்கள். செய்து கொடுத்தேன். ஆனால் தறிக்காரருக்கும் தன் கழிவைப் பார்க்கிற ரசீது ஒன்று அச்சாகிற மாதிரி சேர்த்துவைத்தேன். வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. தறிக்காரர்கள் கேட்டு வாங்கிப்போகிறார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

அந்தப் புராஜெக்ட் நடந்துகொண்டிருந்தபோதுதான் 2016 ஜனவரி 17ஆம் தேதி ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலா தூக்கில் தொங்கினார். அவருக்கு மாதம் 25,000 ரூபாய் உதவித்தொகை பல மாதமாக வராமல் நின்றிருந்தது. விடுதியில் ஒரு பிள்ளை, "படிக்கப் போனமா, படிச்சமான்னு இருக்கணும்" என்றது. நான் பதில் சொல்லவில்லை. எங்கள் உதவித்தொகைப் பட்டியலில் இருந்த ஆறு பேரும் அன்று ராத்திரி மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தோம். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு, வந்திருக்கிற பணம் எவ்வளவு, வரவேண்டியது எவ்வளவு என்று எழுதினோம். அதை நகல் எடுத்து ஆளுக்கொன்று வைத்துக்கொண்டோம். எங்களுக்குத் தெரிந்த அஞ்சலி அதுதான்.

வளாக நேர்முகத்தில் மூன்று கம்பெனி. ஒன்றில் என் புராஜெக்டைப் பற்றி இரண்டு கேள்வி, என் அய்யாவைப் பற்றி ஐந்து கேள்வி. "திருச்சுழியில எந்த இடம்?" என்று தமிழில் கேட்டார் ஒருவர். அதுவரை அவர் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டிருந்தார். ஊர்ப் பெயரைச் சொன்னேன், காலனியையும் சேர்த்துச் சொன்னேன். வேலை கிடைக்கவில்லை. காரணம் அதுதான் என்று என்னால் நிரூபிக்கமுடியாது. அந்த நோட்டையும் நான் பார்த்ததில்லை.

ஆறு மாதம் கழித்துச் சென்னையில் ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்தேன். 1972இல் ஜெர்மனியில் தொடங்கிய எஸ்.ஏ.பி. நிறுவனத்தின் மென்பொருளில் சம்பளப் பட்டியல் பார்க்கிற வேலை. வேலை கிடைத்தது, வீடு கிடைக்கவில்லை. நாங்கள் மூன்று பெண்கள் சேர்ந்து தேடினோம். "நீங்க என்ன ஆளுங்க? வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?" பதில் சொன்னதும், "நேத்துத்தான் அட்வான்ஸ் வாங்கிட்டேன்மா." அப்போது அம்பேத்கரைப் படித்துக்கொண்டிருந்தேன். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத்தில் எம்.ஏ. வாங்கி, லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்கு வந்தவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. ஒரு பார்சி விடுதியில் தங்கி, தடியோடு வந்தவர்களால் வெளியேற்றப்பட்டார். நூறு வருசம் ஆகியும் கேள்வி மாறவில்லை, தடி மட்டும் அட்வான்ஸ் ஆகியிருக்கிறது.

கம்ப்யூட்டர் துறையில் சாதி இல்லை என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2020 ஜூனில் கலிபோர்னியா மாநில அரசுத்துறை, தலித் பொறியாளர் ஒருவரிடம் சாதிப் பாகுபாடு காட்டப்பட்டது என்று சிஸ்கோ நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. நிறுவனம் மறுத்தது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரசபை சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் நகரம் அது. கடல் தாண்டிப் போன சாதியைக் கடல் தாண்டி அடையாளம் கண்டிருக்கிறார்கள். இங்கே தனியார் கம்பெனியில் இடஒதுக்கீடும் கிடையாது, யாரை எடுத்தோம், ஏன் எடுத்தோம் என்று கணக்குக் காட்டவேண்டிய கட்டாயமும் கிடையாது. நம்மிடம் மட்டும் ஒவ்வொரு தாளிலும் சாதியை நிரப்பச் சொல்கிறவர்கள், தங்கள் கணக்கில் அந்தக் கட்டத்தைக் காலியாக வைத்திருக்கிறார்கள்.

இப்போது திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டிப் பிள்ளைகள் எம்.சி.ஏ.க்கு என்ன படிக்கவேண்டும் என்று என்னைக் கேட்கிறார்கள். நான் பாடத்தைக் கடைசியில்தான் சொல்வேன். முதலில் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றுக்கும் நகல் வையுங்கள். அசலைக் கல்லூரி கேட்டால் ரசீது கேளுங்கள். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு இப்போது குடும்ப வருமான வரம்பு இரண்டரை லட்சம். விண்ணப்பம் போட்ட தேதியையும் பணம் வந்த தேதியையும் எழுதி வையுங்கள். கட்டணம் கேட்டால் எந்த அரசாணைப்படி என்று எழுத்தில் கேளுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் பயப்படாதீர்கள். அது கரி பொறுக்குவதைவிடச் சுலபம், நான் இரண்டும் செய்திருக்கிறேன்.

அம்மாவுக்கு இப்போது மூட்டுவலி. மூட்டத்துக்குப் போவதில்லை. தம்பி டிப்ளமோ முடித்துவிட்டான். காலனியில் கரி வேலைக்குப் போகிற பொம்பளைகள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நோட்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார்கள். எட்டாவது படிக்கிற பிள்ளைகள் ஏழு கட்டத்தையும் கூட்டிச் சொல்லும். அம்மா திண்ணையில் உட்கார்ந்து, "கழிவ நல்லாப் பாருடா, கழிவ நல்லாப் பாரு" என்று சொல்லிக்கொண்டிருப்பார்.